வாரத்துக்கு ஒரு நாள் குடிக்க வேண்டியதைத் தினமும் குடித்திருக்கிறார்: யார் கண்ணில் பட்டிருக்க வேண்டும்?

கொட்டகலை மருந்தாளர்

ஆளின் பெயரையோ ஆஸ்பத்திரியின் பெயரையோ கேட்காதீர்கள், எழுதமாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் ஓர் அக்கா எங்கள் பாமசிக்கு வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர், ஐம்பது வயதிருக்கும். வாய்ப்புண்ணுக்குப் பூச ஏதாவது தாருங்கள் என்றார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். உதட்டின் உள்பக்கமும் நாக்கும் வெந்துபோன மாதிரி இருந்தன. நான்கு நாளாகக் கஞ்சிதானாம். உண்மையைச் சொன்னால், வேறொரு நாளாக இருந்தால் ஜெல் ஒன்றை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கியிருப்பேன். அன்றைக்கு அடைமழை, கடையில் ஆளில்லை. அதனால் பேச நேரம் இருந்தது.

காசு எடுக்கும்போது பையிலிருந்து ஒரு சின்ன மருந்துப் பையை வெளியே எடுத்தார். "தம்பி, இந்தக் குளிசையும் முடிஞ்சிருச்சு, இதுலயும் கொஞ்சம் குடுங்க." வாங்கிப் பார்த்தேன். மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராம். மூட்டுவாதக் கிளினிக்கில் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். டொக்டரின் துண்டில் இருந்தது வாரத்துக்கு ஒரு நாள், 4 குளிசை. அதாவது 10 மில்லிகிராம். இரண்டு மாதத்துக்கு 32 குளிசை கொடுத்திருக்கிறார்கள். அக்காவிடம் அது எட்டே நாளில் முடிந்துவிட்டது. தினமும் இரவு நான்கு நான்காகக் குடித்திருக்கிறார்.

மருந்துப் பையில் சிங்களத்தில் பேனையால் "சதியகட வரக்" என்று எழுதியிருந்தது. சதிய என்றால் வாரம். அக்காவுக்குச் சிங்களம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. மற்றக் குளிசையெல்லாம் தினமும் குடிப்பதுதானே, இதையும் அப்படியே குடித்தேன் என்றார்.

என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து, த்ரீவீலில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வெள்ளை அணுக்கள் நன்றாகக் குறைந்திருந்தனவாம். அதற்கு முறிவாக ஃபோலினிக் அசிட் கொடுத்து, வார்டில் வைத்துப் பார்த்து, பிழைத்து வீடு வந்துவிட்டார். இந்த மருந்தைத் தினமும் குடித்து உயிர் போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். எலும்பு மச்சை இரத்த அணுக்களை உண்டாக்குவதையே நிறுத்திவிடும்.

டொக்டர் துண்டைச் சரியாகத்தான் எழுதினார். மருந்து கொடுத்தவர் பையிலும் சரியாகத்தான் எழுதினார். அப்படியென்றால் தவறு எங்கே? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கவுண்டருக்குப் பின்னால்

அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கிறவன் நான். கோபப்படாமல் எழுத முயற்சி செய்கிறேன்.

கிளினிக் நாளில் கவுண்டருக்கு முன்னால் நிற்கும் வரிசை வாசல் தாண்டி, கன்டீன் வரைக்கும் போகும். பஸ் போய்விடும் என்று பின்னால் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள். ஓர் ஆளுக்கு ஆறு ஏழு மருந்து. ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அந்த நேரத்தில் "அம்மா, இது வாரத்துக்கு ஒரு நாள்" என்று சொல்லியிருப்பார்கள், நிச்சயமாகச் சொல்லியிருப்பார்கள். கேட்கிறவருக்குக் காதில் விழுந்ததா, மனதில் பதிந்ததா என்று பார்க்க யாருக்கு நேரம்? தனியார் பாமசியில் மழை நாளில் உட்கார்ந்துகொண்டு "யார் கண்ணில் பட்டிருக்க வேண்டும்" என்று கேட்பது இலேசு.

கொட்டகலை மருந்தாளர்

அண்ணே, உங்களைக் குற்றம் சொல்லவில்லை. மழை பெய்திருக்காவிட்டால் நானும் ஜெல் கொடுத்திருப்பேன் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேனே.

லிந்துலை மாஸ்டர்

எனக்கு இதில் ஒரே ஒரு விஷயம்தான் தெரிகிறது. பை ஏன் தமிழில் இல்லை? 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயரை மூன்று மொழியில் எழுத முடிகிறது, உயிர் போகிற மருந்தில் முடியாதா? நம் காதில் சதிய என்றால் சதி என்றுதான் விழும். இந்த விஷயத்தில் அது பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

மஸ்கெலியா மகள்

மாஸ்டர் சொல்வது சரி, ஆனால் தமிழில் எழுதினால் மட்டும் போதாது. என் அம்மாவுக்கு எந்த மொழியும் வாசிக்கத் தெரியாது.

அம்மா இருதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் இருக்க வாஃபரின் குடிக்கிறார். ஐஎன்ஆர் (இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் சோதனை) பார்த்துப் பார்த்து டோஸ் மாறும். ஒரு மாதம் 3 மில்லிகிராம், அடுத்த மாதம் 4, சில நேரம் ஒரு நாள் 3, மறுநாள் 4. இதை எந்தப் பையில் எழுதுவது? நான் கலண்டரில் எழுதினேன். பெரிய எண் கலண்டர், ஒவ்வொரு நாள் கட்டத்திலும் எத்தனை குளிசையோ அத்தனை வட்டம். ஒரு மில்லிகிராம் குளிசையை மட்டுமே வைத்துக்கொள்கிறோம், அப்போது வட்டத்தை எண்ணினால் போதும். குடித்ததும் அம்மா வட்டத்தின் மேல் விபூதி மாதிரி ஒரு கோடு இழுத்துவிடுவார். நிறத்தை நம்ப வேண்டாம் என்று நேர்ஸ் அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார், கம்பனி மாறினால் நிறமும் மாறும்.

அப்புறம் கீரை. வாஃபரின் என்றால் கீரையே ஆகாது என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. அம்மா ஆறு மாதம் வல்லாரைச் சம்பலைத் தொடவில்லை. கண்டி டொக்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சாப்பிடுங்கள், ஆனால் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். ஒரு வாரம் மூன்று வேளை முருங்கைக் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால்தான் எனக்குக் கணக்குத் தப்பும்" என்றார். நாங்கள் பயப்பட வேண்டியது கீரைக்கு இல்லை, இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடுகிற டைக்ளோஃபெனாக் குளிசைக்கு, வாஃபரினோடு சேர்ந்தால் இரத்தம் கசியலாம். அதை யாருமே சொல்லியிருக்கவில்லை.

நியூ ஜேர்சி தம்பி

ஊர் பொகவந்தலாவை. இங்கே ஸ்பெஷல்டி பாமசி என்று ஒன்று இருக்கிறது, அதில்தான் வேலை. இங்கே நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், அங்கே எது பொருந்தும் என்று நீங்களே பாருங்கள்.

எங்கள் பாமசிக்கு நோயாளி வருவதே இல்லை. மூட்டுவாத ஊசி, புற்றுநோய்க் குளிசை, உறுப்பு மாற்றினவர்களின் மருந்து போன்ற விலை கூடின, சிக்கலான மருந்துகள்தான். குளிர் பெட்டியில் வைத்து வீட்டுக்கே அனுப்புவோம். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய தொழில்நுட்பம் மாதிரி இருக்கும். உள்ளே, பாதி நாள் காப்புறுதிக் கம்பனியோடு சண்டை. மீதிப் பாதி தொலைபேசி.

அந்தத் தொலைபேசிதான் விஷயம். ஒவ்வொரு முறையும் அடுத்த மாத மருந்தை அனுப்பும் முன்னால் ஒருவர் கூப்பிட்டுக் கேட்பார்: கையில் இன்னும் எத்தனை குளிசை இருக்கிறது? ஏதாவது ஒரு நாள் விட்டுப்போனதா? புதிதாக வேறு மருந்து தொடங்கினீர்களா? காய்ச்சல், புண் ஏதாவது? முதல் கேள்விதான் பெரிய கேள்வி. மிச்சம் கூட இருந்தால் ஆள் குடிக்கவில்லை. குறைவாக இருந்தால் கூடக் குடிக்கிறார். அந்த அக்காவின் 32 குளிசை எட்டு நாளில் முடிந்தது என்று படித்ததும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. எங்கள் கணினி அப்படி ஒன்றைப் பார்த்தால் சிவப்பாகிக் கத்தும். உங்களிடம் கத்தியது அந்த அக்காவின் கேள்வி. அதைக் கேட்கக் காது இருந்திருக்கிறது, அண்ணே.

கவுண்டருக்குப் பின்னால்

கணினி சிவப்பாகிறதாம். எங்களிடம் 2022இல் மருந்தே இருக்கவில்லை, தம்பி. "வெளியில் வாங்குங்கள்" என்று துண்டு எழுதிக் கொடுத்தே பேனை தீர்ந்தது.

ஆனால் மிச்சத்தை எண்ணுவது நல்ல யோசனைதான். அதற்குக் கரண்ட் கூட வேண்டியதில்லை.

சிறுநீரகம் ஒன்று

எனக்குச் சிறுநீரகம் மாற்றி ஏழு வருடம். தங்கச்சி கொடுத்தது. கண்டியில்தான் கிளினிக். உடல் அதைத் தள்ளிவிடாமல் இருக்க டக்ரோலிமஸ், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. இரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கிற நாளில் காலை மருந்தைக் குடிக்கக்கூடாது, இரத்தம் எடுத்த பிறகுதான் குடிக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் பஸ் ஏறும்போது அந்தக் காலைக் குளிசையை ஷேர்ட் பையில் போட்டுக்கொண்டு போவேன். ஆரம்பத்தில் இது தெரியாமல் வீட்டிலேயே குடித்துவிட்டுப் போனேன். அளவு எக்கச்சக்கமாகக் காட்டியது. டோஸைக் குறைக்க இருந்தார்கள், ஒரு நேர்ஸ்தான் "காலையில் குடித்தீர்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி இல்லையென்றால் டோஸ் குறைந்து தங்கச்சியின் சிறுநீரகம் போயிருக்கும்.

இன்னொன்று. சளிக்காய்ச்சல் என்று ஊரில் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குப் போனேன். கிளரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் எழுதினார். கிளினிக் கொப்பியைக் காட்டினேன், திறந்து பார்க்கவில்லை. துண்டோடு பாமசிக்குப் போனால் அங்கிருந்த பிள்ளை கொப்பியை வாங்கிப் பார்த்து, "ஐயா, இதைக் கொடுக்கமாட்டேன். டக்ரோலிமஸ் இரத்தத்தில் மளமளவென்று ஏறிவிடும்" என்றாள். டொக்டருக்குப் போன் பண்ணி வேறு மருந்து மாற்றித் தந்தாள். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

ஜம்போலாவும் (பம்பளிமாஸ்) சாப்பிடுவதில்லை. அதுவும் அதே வேலையைத்தான் செய்யுமாம். வீட்டு வாசலில் மரம் இருக்கிறது, அண்டை வீட்டுக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

பேராதனைப் பழசு

டக்ரோலிமஸ் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. நாம் எல்லோரும் மருந்தியல் பேராசிரியர் செனக பிபிலே வழியில் படித்தவர்கள். மருந்தைக் கம்பனிப் பெயரில் கேட்காதே, பொதுப் பெயரில் கேள், விலை குறையும், ஏழைக்குக் கிடைக்கும். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் வந்தது அந்த எண்ணத்தில்தான். நான் இன்றைக்கும் அதற்காக வாதாடுவேன். பரசிட்டமோலுக்கும் மெட்ஃபோமினுக்கும் கம்பனிப் பெயர் கேட்பவனோடு சண்டை போடுவேன்.

ஆனால் டக்ரோலிமஸ் அந்த வகையில் சேராது. கொஞ்சம் கூடினால் சிறுநீரகத்துக்கே நஞ்சு, கொஞ்சம் குறைந்தால் உடல் உறுப்பைத் தள்ளிவிடும். அதனால்தான் பிரித்தானியாவில் 2012இல் இதைக் கம்பனிப் பெயரோடுதான் எழுத வேண்டும் என்று அறிவித்தார்கள். இங்கே கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) எந்தக் கம்பனி வருகிறதோ அதுதான் கிடைக்கும், அதை மாற்ற நம்மால் ஆகாது. ஆகக்கூடியது ஒன்றுதான்: பெட்டி மாறினால் "பெட்டி மாறியிருக்கிறது, கிளினிக்கில் சொல்லுங்கள், இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்" என்று நோயாளியிடம் சொல்வது.

மெத்தோட்ரெக்சேட்டுக்கும் அதே பிரித்தானியா 2020இல் ஒரு நல்ல காரியம் செய்தது. "வாரம் ஒரு முறை" என்று எழுதினால் போதாது, எந்த நாள் என்று நாளின் பெயரை முழுதாக எழுத வேண்டும் என்றது. நாளை நோயாளியோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். கொட்டகலைத் தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான். துண்டிலும் பையிலும் எழுதினது தவறில்லை. ஆனால் "வாரத்துக்கு ஒரு முறை" என்பது ஒரு கணக்கு. "சனிக்கிழமை" என்பது ஒரு நாள். மனிதர்கள் நாளை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

பசறை மிட்வைஃப்

அப்படியென்றால் சொல்லையும் பார்த்து எழுதுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மருந்தாளர் "கிழமைக்கு ஒன்று" என்று எழுதுவார். அவருக்குக் கிழமை என்றால் வாரம். நம் தோட்டத்துப் பாட்டிக்குக் கிழமை என்றால் திங்கள், செவ்வாய். கிழமைக்கு ஒன்று என்றால் ஏழு கிழமைக்கும் ஏழு! தமிழில் எழுதியும் அதே குழியில் விழுவோம்.

வயது குறைந்த பெண்களுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். குடிக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கவே கூடாது. பிள்ளை வேண்டுமென்றால் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லி நிறுத்தி, அவர் சொல்கிற காலம் பொறுத்திருக்க வேண்டும். என்னிடம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வருகிறவர்கள் மூட்டுவாத மருந்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. நானாகத்தான் கேட்கிறேன்.

லிந்துலை மாஸ்டர்

சரி, எந்த நாள்? வெள்ளிக்கிழமை வைப்போமா? கோயில் நாள், யாரும் மறக்கமாட்டார்கள்.

மஸ்கெலியா மகள்

வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்கள் அதிகம் மாஸ்டர். வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டும். அதைவிட, மறுநாள் சனி வேலை நாள். குமட்டலோடு மலை ஏறினால் கொழுந்து நிறை குறையும், பேர் பாதியாகும், அதாவது அரை நாள் சம்பளம்தான். ஒரு தடவை அப்படி ஆனால் அடுத்த வாரம் குளிசையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். சனிக்கிழமை இராச்சோற்றுக்குப் பிறகு என்று வையுங்கள். ஞாயிறு படுத்துக்கிடக்கலாம்.

கொட்டகலை மருந்தாளர்

இது எனக்குத் தோன்றவே இல்லை. சனி இரவு. பக்க விளைவைக் குறைக்கக் கொடுக்கிற ஃபோலிக் அசிட்டை வேறு நாளில், டொக்டர் சொல்கிற நாளில். எங்கள் பக்கம் புதன் என்று எழுதுகிறார்கள்.

ஊசிக்காரர்

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். இன்சுலின் போடுகிறேன். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, நுவரெலியாவுக்குப் பக்கத்துத் தோட்டம். மகன் திருச்சி போனவன் அங்கே மலிவு என்று நான்கு குப்பி வாங்கி வந்திருக்கிறான். வைத்துக்கொள்வது எப்படி?

கொட்டகலை மருந்தாளர்

ஐயா, இன்னும் போடவில்லையே? முதலில் குப்பியில் உள்ள எண்ணைப் பாருங்கள். ஒரு மில்லிலீட்டருக்கு 100 யூனிட்டா, 40 யூனிட்டா? இந்தியாவில் 40 யூனிட் குப்பி இன்னும் விற்கிறார்கள். கிளினிக்கில் உங்களுக்குத் தருவது 100 என்றால் சிரிஞ்சும் அதற்கானதுதான். அந்த சிரிஞ்சில் 40 யூனிட் மருந்தை இழுத்தால் வேண்டியதில் பாதிகூட உடலுக்குள் போகாது, சீனி ஏறும். மாறி, 40க்கான சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும், அது உயிருக்கே ஆபத்து.

வைப்பதைப் பற்றி: திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் உள்ள வீட்டில் கொடுத்து வையுங்கள், ஐஸ் பெட்டிக்குள் மட்டும் வேண்டாம், உறைந்தால் எறிய வேண்டியதுதான். திறந்து பாவிக்கிற குப்பிக்கு உங்கள் ஊர்க் குளிரே போதும், பெரும்பாலானவை 28 நாள் வரை தாங்கும். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) அடுப்புக்கு மேலே பலகையில்தான் எல்லாவற்றையும் வைப்பார்கள், அங்கே வேண்டாம். திறந்த திகதியைக் குப்பியில் எழுதுங்கள்.

ஊசிக்காரர்

40 என்றுதான் இருக்கிறது.

கொட்டகலை மருந்தாளர்

தொட வேண்டாம். நான்கையும் சிரிஞ்சோடு எடுத்துக்கொண்டு நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள். அது வரைக்கும் ஆஸ்பத்திரிக் குப்பியைப் போடுங்கள்.

தம்பிக்காக

பெயர் வேண்டாம். தம்பிக்கு மனநல மருந்து குளோசபின். நீங்கள் யாரும் இதை எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். முதல் மாதங்களில் வாராவாரம் இரத்தம் பார்த்தோம், வெள்ளை அணு குறையலாம் என்பதால். 2020இல் ஊரடங்கு வந்தபோது கிளினிக் மருந்தைத் தபாலில் அனுப்பினார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் லயத்துக்குத் தனி முகவரி ஏது? பொதி தோட்ட ஒபிசுக்குப் போய் அங்கேயே மூன்று நாள் கிடந்தது. தம்பியின் மருந்து முடிந்து மூன்று நாள். பொதி வந்ததும் பழைய டோஸையே கொடுக்கப் போனேன். நல்லவேளை, கிளினிக்குக்குப் போன் பண்ணினேன். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்கக்கூடாது, சின்ன அளவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும் என்றார்கள். இது எந்தப் பையிலும் எழுதியிருக்கவில்லை.

சிகரெட்டையும் சொல்ல வேண்டும். திடீரென்று நிறுத்தினால் இந்த மருந்து உடலில் கூடிவிடும். நல்ல காரியம்தான், ஆனால் டொக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும்.

கவுண்டருக்குப் பின்னால்

நேற்று இந்த இழையைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். மெத்தோட்ரெக்சேட் வாங்க வந்த ஒன்பது பேரிடமும் "எந்த நாள் குடிக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். "வாரத்துக்கு ஒரு நாள்தானே?" என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். எட்டுப் பேர் நாளைச் சொன்னார்கள். ஒருவர் "முடியாத நாளில்" என்றார். அதாவது வலி வருகிற நாளிலெல்லாம். அவரை உட்காரவைத்து டொக்டரிடம் திருப்பி அனுப்பினேன். பின்னால் வரிசை கத்தியது, கத்தட்டும். ஒன்பது பேருக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் போனது.

கொட்டகலை மருந்தாளர்

அண்ணே, கையைக் கொடுங்கள்.

அட்டை ஒன்று செய்திருக்கிறேன். உள்ளங்கை அளவு. ஏழு கட்டம், ஆறில் பெருக்கல் குறி, சனிக் கட்டத்தில் நிலாவும் எத்தனை குளிசையோ அத்தனை வட்டமும். டொக்டர் வேறு நாள் சொன்னால் நிலாவை அங்கே மாற்றி வரைந்து கொடுப்போம். கீழே தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி: வாய்ப்புண், காய்ச்சல், இரத்தக் கசிவு வந்தால் குடிப்பதை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பின்பக்கத்தில் பாமசிக்காரர்களுக்கு: கோட்ரைமொக்சசோல் (அன்டிபயோட்டிக்) கொடுக்க வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் இரத்த அணுக்கள் குறையும்.

அந்த அக்கா நேற்று வந்தார். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி வேறு மருந்து கொடுத்திருக்கிறார்கள், தினமும் இரண்டு வேளை. பையிலிருந்த ஒவ்வொன்றையும் மேசையில் வைத்து "இது தினமுமா, வாரத்துக்கு ஒரு நாளா?" என்று கேட்டார். கடைசியில் பேரப்பிள்ளைக்கு வாங்கின பரசிட்டமோல் பாணியையும் தூக்கிக் காட்டிக் கேட்டார்.

பசறை மிட்வைஃப்

அட்டையில் இருபது எனக்கு எடுத்து வையுங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) முடிந்து மறுநாள் ஹற்றன் வருகிறேன். கீழே உள்ள வரியில் "இரத்தக் கசிவு" என்பதை "பல் முரசில் இரத்தம்" என்று மாற்றினால் எங்கள் ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும்.